காவேரியின் பாவத்தை யார் கழுவுவது?



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரும் ஆறும் என்பதாகும். புராணம், ஜாதி, சடங்கு ஆகியவற்றைப் பற்றியே இந்த மேடையில் கேட்டுப் பழகிய உங்களில் சிலருக்கு, "சாக்கடையைப் பற்றிப் பேச முனிசிபாலிட்டி இருக்கிறதே, அதற்கு ஒரு சுயமரியாதைக் கூட்டமா?" என்று தோன்றலாம். அப்படித் தோன்றுவதே இந்நாட்டைப் பிடித்திருக்கிற வியாதி என்று நாம் சொல்லுகிறோம். சாக்கடை என்ற வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் "அது நம் வேலையல்ல, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்" என்று ஒதுங்குகிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? மனு தர்மமும் வர்ணாச்சிரமமும் நம் மண்டையில் ஏற்றி வைத்த புத்தியல்லவா அது? ஆகவே இது நம் மேடைக்கே உரிய விஷயமாகும்.

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு ஊரை வைத்துப் பேசினால் நன்றாக விளங்கும். மாயவரத்தை எடுத்துக்கொள்ளுவோம். 1982-இல் மயிலாடுதுறை என்று பெயர் மாற்றப்பட்டு, 2020-இல் ஒரு ஜில்லாவுக்குத் தலைநகரமும் ஆகிவிட்ட ஊர் அது. 1866 முதல் அங்கே முனிசிபாலிட்டி இருக்கிறது. நம் இயக்கத்திற்கும் அந்த ஊர் அந்நியமானதல்ல. பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பக்கத்து மூவலூரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா" என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுவார்கள். அந்தப் பெருமைக்குக் காரணம் என்ன? காவேரியின் துலாக் கட்டம்.

துலாக் கட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியும். வருஷம் முழுவதும் கங்கை முதலிய நதிகளில் ஜனங்கள் முழுகித் தங்கள் பாவத்தையெல்லாம் அந்த நதிகளில் விட்டுவிடுகிறார்களாம். அதனால் பாவ மூட்டையைச் சுமந்து கறுத்துப்போன நதிகள் ஐப்பசி மாதத்தில் மாயவரத்துக்கு வந்து, காவேரியில் முழுகி, அந்தப் பாவத்தைக் கழுவிக்கொள்ளுகின்றனவாம். கடைசி நாள் கடைமுகமாம். ஒரு முடவன் தாமதமாக வந்து சேர்ந்தானென்று அவனுக்காகக் கார்த்திகை முதல் நாளையும் சாமி சேர்த்துக் கொடுத்தாராம். அதுதான் முடவன் முழுக்காம். இவ்வளவையும் நம்புகிற பக்தர்களை நாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம். கங்கையின் அழுக்கு காவேரியில் இறங்கிற்று, சரி. காவேரியின் அழுக்கு எங்கே போய் இறங்குவது? அவள் எந்த ஆற்றில் முழுகுவாள்? புராணம் எழுதினவனுக்கு அந்தக் கவலையே இல்லை. அழுக்கை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவர் தலையில் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்பதுதான் அவனுடைய கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு ஊர்களும் போட்டுக்கொண்டிருக்கின்றன. வீட்டு அழுக்கு தெருவுக்கு, தெரு அழுக்கு வாய்க்காலுக்கு, வாய்க்கால் அழுக்கு ஆற்றுக்கு, ஆற்று அழுக்கு கீழே இருக்கிற கிராமத்துக்கு என்று தள்ளிவிட்டு, நாம் சுத்தமாகிவிட்டோம் என்று கையைக் கழுவிக்கொள்ளுகிறோம்.

இப்போது புராணக் கணக்கை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அந்த ஊரின் ஜனத்தொகை 85,632. ஒரு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 100 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வெளியே வந்துவிடும் என்பது இஞ்சினீயர்கள் போடும் கணக்கு. அப்படியானால் தினந்தோறும் ஏறக்குறைய 68 லட்சம் லிட்டர் கழிவுத் தண்ணீர் ஆகிறது. 10,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் நிரப்பினால் 680 லாரி. இரவு பகல் என்று பாராமல் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு லாரி ஆற்றங்கரைக்கு வந்து கவிழ்த்துவிட்டுப் போகிறது என்று மனத்தில் நினைத்துப் பாருங்கள். சிறிய ஊர்தானே என்று அலட்சியமாய் இருப்பதற்கில்லை.

"ஓடுகிற தண்ணீருக்குத் தோஷமில்லை" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். இதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. அது எந்த அளவு என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் பிராணவாயு கரைந்திருக்கிறது. மீன் அதைத்தான் சுவாசிக்கிறது. ஆற்றில் அழுக்கு விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று கரைக்கின்றன. அப்படித் தின்பதற்கு அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். ஒரு கழிவுத் தண்ணீர் எவ்வளவு பிராணவாயுவைக் கேட்கிறதென்று அளப்பதற்குச் சாஸ்திரத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. நாம் அதை அந்தத் தண்ணீரின் "பசி" என்று சொல்லிக்கொள்ளுவோம். நம் ஊர் உஷ்ணத்தில் சுத்தமான ஆற்றுத் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏழு எட்டு மில்லிகிராம் பிராணவாயுதான் இருக்க முடியும். சாக்கடைத் தண்ணீரின் பசியோ லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். அதாவது, ஒரு குடம் சாக்கடையின் பசி தீர வேண்டுமானால் இருபத்தைந்து குடத்துக்குக் குறையாத ஆற்றுத் தண்ணீரிலுள்ள பிராணவாயு முழுவதும் தீர்ந்து போகும். பிராணவாயு தீர்ந்தால் மீன் சாகும். தண்ணீர் கறுத்து நாறும். அழுக்கிலுள்ள உரச்சத்தைத் தின்று ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிக்கொள்ளும். குளிக்கத் தகுந்த தண்ணீரில் பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பசி 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வகுத்திருக்கிறது. புண்ணிய தீர்த்தமா அல்லவா என்று பார்க்க வேண்டுமானால் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள். ஸ்தல புராணத்தைப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஓடுகிற தண்ணீருக்குத் தோஷமில்லை என்றால் தண்ணீர் ஓட வேண்டுமல்லவா? மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பதும் ஜனவரி 28-ஆம் தேதி மூடுவதும் வழக்கம். மூடின பிறகு நாலரை மாதம் கடைமடைக் காவேரியில் எந்தத் தண்ணீர் ஓடும்? ஊர்கள் விடுகிற தண்ணீர்தான் ஓடும். கழிவைக் கரைக்க ஆறு இல்லாத காலத்தில் கழிவே ஆறாகிவிடுகிறது. இங்கிலாந்தில் 1898-இல் ஏற்பட்ட ராயல் கமிஷன், சுத்தப்படுத்திய கழிவுத் தண்ணீரின் பசி லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 1912-இல் அளவு சொல்லிற்று. அதைச் சொல்லும்போதே, வந்து சேருகிற ஆற்றில் எட்டு மடங்காவது நல்ல தண்ணீர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லிற்று. மழையும் குளிரும் உள்ள தேசத்துக்கே அப்படியானால், மணல் காய்கிற நம் ஆற்றுக்கு இன்னும் எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நம் பாட்டன் காலத்தில் திருவிழா முடிந்தால் வாந்திபேதி வருவது சகஜம். அம்மன் கோபம் என்று கூழ் ஊற்றினார்கள், கிடா வெட்டினார்கள். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், ஒரு தெருவில் வாந்திபேதியால் செத்தவர்களின் வீடுகளைக் குறித்துப் பார்த்து, பெரும்பாலோர் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று கண்டார். 1884-இல் ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் கல்கத்தாவுக்கே வந்து, அந்த வியாதியின் கிருமியைப் பிரித்தெடுத்து, ஜனங்கள் குளித்துக் குடித்த குளத்துத் தண்ணீரிலும் அது இருப்பதைக் காட்டினார். அம்மன் கோபம் அன்றோடு போயிருக்க வேண்டும். போயிற்றா? 2017 செப்டம்பரில் இதே துலாக் கட்டத்தில், 144 வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது என்று சொல்லி மகா புஷ்கரம் நடத்தினார்கள். 2018 அக்டோபரில் தாமிரபரணியிலும் அதே 144 வருஷக் கதையைச் சொல்லி நடத்தினார்கள். ஆற்றுக்கு ஆரத்தி எடுத்தார்கள். தீபத்தைக் காட்டினால் சாக்கடை திரும்பிப் போகுமா? மந்திரத்தைக் கேட்டால் கிருமி வெட்கப்பட்டுச் சாகுமா?

லண்டன் பட்டணத்துத் தேம்ஸ் ஆற்றைப் பாருங்கள். 1858-ஆம் வருஷம் கோடையில் அந்த ஆறு நாறிய நாற்றத்தில் பார்லிமெண்டுக்குள் உட்கார முடியாமல், ஜன்னல் திரைகளை மருந்துத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். தங்கள் மூக்குக்கு வந்த பிறகுதான் பெரிய மனிதர்களுக்குப் புத்தி வந்தது. பாசல்ஜெட் என்ற இஞ்சினீயரைக் கொண்டு பெரிய சாக்கடைகள் கட்டினார்கள். ஆனால் அவை அழுக்கைப் பட்டணத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் ஆற்றில் விட்டனவே தவிர, சுத்தம் செய்யவில்லை. அதன் பலன், 1957-இல் தேம்ஸின் கீழ்ப் பகுதி செத்துப்போன ஆறு என்றே சொல்லப்பட்டது. பிறகு சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரிதாக்கினார்கள். கழிவை விடுவதற்கு விதியும் காவலும் போட்டார்கள். 1974-இல், நூற்று நாற்பது வருஷங்களாகக் காணாமற்போயிருந்த சால்மன் மீன் மறுபடியும் அங்கே வந்தது. தேம்ஸை யாரும் தாயே என்று கூப்பிடவில்லை. அதில் முழுகினால் மோட்சம் என்று யாரும் சொல்லவில்லை. மீன் வந்தது பக்தியைக் கண்டல்ல, பிராணவாயுவைக் கண்டு.

அப்படியானால் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி? இதில் பரம ரகசியம் ஒன்றுமில்லை. முதலில் கம்பிச் சல்லடையில் துணி, காகிதம், பிளாஸ்டிக் முதலியவற்றைத் தடுக்க வேண்டும். பிறகு மணலைப் படியவிட வேண்டும். பிறகு பெரிய தொட்டியில் கசடைத் தங்கவைக்க வேண்டும். அடுத்தது முக்கியமான இடம். ஆற்றில் அழுக்கைத் தின்கிற கிருமிகளையே இங்கே தொட்டியில் லட்சம் லட்சமாய் வளர்த்து, மேலிருந்தோ கீழிருந்தோ காற்றை ஊதி, ஆறு பல மைல் தூரம் ஓடிச் செய்கிற வேலையைச் சில மணி நேரத்தில் செய்ய வைப்பது. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். மின்சாரச் செலவுக்குப் பயப்படுகிற ஊரானால், இடம் இருக்குமிடத்தில் வரிசையாகக் குட்டைகள் வெட்டி, வெயிலையும் பாசியையும் கொண்டே பல நாளில் சுத்தப்படுத்தலாம். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? கடைசியில் நோய்க் கிருமிகளைக் கொல்ல மருந்து போட்டு வெளியே விடுவது. அந்தத் தண்ணீரை மரத்துக்கும் வயலுக்கும் பாய்ச்சலாம். தங்கின கசடை நன்றாக மக்கச் செய்து உரமாக்கலாம்.

நூறு வருஷத்துக்கு மேலாக உலகத்துக்குத் தெரிந்த வித்தை இது. நம் தேசத்தில் நிலைமை என்ன? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவின் நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டான கழிவுத் தண்ணீர் 7,236 கோடி லிட்டர். சுத்தம் செய்யக் கட்டி வைத்திருந்த வசதி 3,184 கோடி லிட்டருக்கு. உண்மையில் சுத்தம் செய்யப்பட்டது 2,023 கோடி லிட்டர்தான். நூறு குடத்தில் 28 குடம். மீதி 72 குடம் ஆறு, குளம், கடல், நிலத்தடி இவற்றுக்கே போயிற்று. கட்டினதிலும் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பணமில்லாதது மாத்திரம் காரணமென்றால், பணம் போட்டுக் கட்டினது ஏன் தூங்க வேண்டும்?

மாயவரத்திலும் பாதாளச் சாக்கடை போடப்பட்டது. ஆனால் குழாய் உடைவதும், சாலை திடீரென்று உள்வாங்குவதும், கழிவுத் தண்ணீர் வாய்க்காலிலும் காவேரியிலும் கலப்பதும் வருஷக்கணக்காகப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த செய்திகள். எந்த ஊரிலும் சிமெண்டுக் குழாய் கெடுவதற்கு ஒரு முக்கிய காரணத்தைச் சொல்லுகிறோம். கழிவு ஓடாமல் தேங்கினால் அழுகின முட்டை நாற்றமுள்ள ஒரு விஷவாயு உண்டாகிறது. அது குழாயின் மேற்பக்கத்து ஈரத்தில் திராவகமாக மாறி, சிமெண்டை அரித்துத் தின்கிறது. தேங்கவிடாமல் கவனிக்க ஆளில்லாவிட்டால் குழாய் உட்கார்ந்துவிடுகிறது.

தோழர்களே! குழாயைத் தின்கிற அதே வாயுதான் குழிக்குள் இறங்குகிற மனிதனையும் தின்கிறது. கொஞ்சமாய் இருக்கும்போது நாறும். அதிகமாகிவிட்டால் மூக்கின் உணர்வையே மழுங்க வைத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கிற நேரத்தில் ஆள் விழுந்துவிடுகிறான். அவனைத் தூக்க இறங்குகிற அண்ணனும் தம்பியும் கூடவே விழுகிறார்கள். இப்படி விழுகிறவர்கள் எந்த ஜாதி என்று நாம் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்? மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் இன்னொரு சட்டம் வந்து, சாக்கடையிலும் செப்டிக் தொட்டியிலும் காப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கிற்று. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு இப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. 2023-இல் அதை 30 லட்சமாக்கிற்று. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டிய அவசியம் ஏன் வந்தது? தாமதமாக வந்த முடவனுக்காக ஒரு நாளையே சேர்த்துக் கொடுத்த சாமி, குழிக்குள் மூச்சுத் திணறினவனுக்கு ஒரு நிமிஷக் காற்றைச் சேர்த்துக் கொடுத்ததாக எந்தப் புராணத்திலாவது இருக்கிறதா?

ஆகவே நாம் சொல்லுகிற முடிவு இதுதான். ஆறு கெட்டதற்கும் அந்த மனிதன் செத்ததற்கும் காரணம் ஒன்றே. அழுக்கைச் செய்கிறவன் மேலானவன், அழுக்கை எடுக்கிறவன் கீழானவன் என்று ஒரு தர்மம் இங்கே நடந்துவந்திருக்கிறது. எடுக்கிற வேலை இழிவானதால் அதைப் பற்றி விசாரிப்பதும் இழிவாகிவிட்டது. கோயில் கும்பாபிஷேகம் எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதும் யந்திரம் இன்று ஓடிற்றா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்காத வேலை நடக்காது. ஜாதி ஒழியாமல் சாக்கடை சுத்தமாகாது. சாக்கடை சுத்தமாகாமல் ஆறு சுத்தமாகாது.

இது ஆகாத காரியமல்ல. ஈரோட்டு முனிசிபாலிட்டிக்குப் பெரியார் அவர்கள் தலைவராயிருந்து 1919-இல் விலகுவதற்கு முன்பே குழாய்த் தண்ணீர்த் திட்டத்தை நடத்திக் காட்டினார். வீட்டுக்குத் தண்ணீர் வருவது பாதி வேலை. வந்த தண்ணீரை யோக்கியமாக வெளியே அனுப்புவது மற்றப் பாதி. பாதாளச் சாக்கடைக்கு வழியில்லாத சின்ன ஊர்களுக்கும் வழியுண்டு. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழி என்ற பேரூராட்சியில், செப்டிக் தொட்டிக் கசடை லாரியில் கொண்டுவந்து, படுக்கைகளில் பரப்பி உலர்த்திச் சுத்தப்படுத்தும் நிலையம் 2017-இல் ஏற்பட்டது. இருட்டில் ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் கவிழ்த்துவிட்டு ஓடுகிற லாரிக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது. கருங்குழி செய்ததை மற்ற ஊர்கள் செய்ய முடியாதா?

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறோம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், ஊர்க் கழிவு எங்கே போகிறது, எவ்வளவு சுத்தமாகிப் போகிறது என்று கேளுங்கள். வெளியே விடும் தண்ணீரின் பசி எவ்வளவு என்பதைப் பரீட்சித்து, முனிசிபாலிட்டி வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விலைவாசி எழுதுவதுபோல் அதையும் எழுதட்டும். குழிக்குள் யந்திரம் இறங்கட்டும், மனிதன் இறங்க வேண்டாம் என்று கண்டித்துச் சொல்லுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லா ஜாதியிலிருந்தும் வரட்டும். நிரந்தர உத்தியோகமும் நல்ல சம்பளமும் பெறட்டும். உங்கள் வீட்டுக் கழிவுக் குழாயை மழைத் தண்ணீர் வாய்க்காலில் திருட்டுத்தனமாய் விட்டிருந்தால் நாளைக்கே எடுத்துவிடுங்கள். துணியையும் பிளாஸ்டிக்கையும் கக்கூஸில் போடாதீர்கள். அதை எடுக்கத்தான் ஒருவனைக் குழியில் இறக்குகிறார்கள். கீழ்க்கரையில் அதே தண்ணீரை மொள்ளுகிற கிராமத்தாரை உங்கள் சொந்த வீட்டார் என்று எண்ணுங்கள்.

காவேரிக்குப் பூப்போடுவதைவிட, அவளுக்குள் போகிற குழாயைப் போய்ப் பாருங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாளைக் காலையில் உங்கள் ஊர் வாய்க்கால் ஆற்றில் சேருகிற இடத்துக்குப் போய் நின்று, கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து, புத்தியால் யோசித்து, பிறகு சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகிறோம்.